வளையமா, கண்ணாடியா?

வான் ப்யூரன், மேய்ன்
9 ஜூன் 1974

அன்புள்ள அக்கா ஜெர்மேனுக்கு,

தம்பி லூசியன் எழுதுகிறேன். நானும் வீட்டுக்காரி இவெட்டும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கனெக்டிகட் வெயில் அதற்கு ஒத்துக்கொள்கிறது என்றாயே, நிஜமா, இல்லை மகள் வீட்டை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாயா?

டெலிபோனில் இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயம்தான். ஆனால் மணி அடித்தால் இவெட் பயந்துபோய் மேஜைக்கடியில் உட்கார்ந்துகொள்கிறாள். அதனால் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.

விஷயம் உன் கார்பைன் துப்பாக்கி பற்றியது. அப்பா அதை உனக்குத்தான் கொடுத்தார். நீ ஊரைவிட்டுப் போகும்போது என்னிடம் விட்டுப்போனாய். ஆகவே கேட்காமல் கை வைக்கக்கூடாது என்று எழுதுகிறேன். அதற்கு ஒரு ஸ்கோப், அதுதான் குறிபார்க்கிற தூரக்கண்ணாடி, மாட்டலாமா? பக்கத்துப் பண்ணை ஓடிலோனிடம் காட்டினேன். இந்த ஊரில் துப்பாக்கி வேலை தெரிந்தவன் இப்போது அவன் ஒருவன்தான். மேலே துளை போட்டு மரை வெட்டவேண்டுமாம். தோட்டா ஏற்ற இழுக்கிற போல்ட் பிடி ஸ்கோப்பில் இடிக்குமாம், அதைப் பழுக்கக் காய்ச்சி வளைக்கவேண்டுமாம். ஒருமுறை செய்துவிட்டால் பழையபடி ஆக்க முடியாது.

குறிபார்க்கப் பின்னால் இருக்கிற வளையத்தின் வழியாகப் பார்த்தால் குழல் முனையில் இருக்கிற குண்டுமணி அளவு மணி சரியாகத் தெரியவில்லை. துருப்பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இவெட்டுக்கு மறதி கொஞ்சம் கூடியிருக்கிறது. நேற்று காபியில் உப்பைப் போட்டுவிட்டாள். குடித்துவிட்டு ருசியாக இருக்கிறது என்றேன். "அப்ப இன்னொரு கப் குடி"ன்னு ஊற்றிவிட்டாள்.

சீக்கிரம் பதில் போடு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

உன் தம்பி,
லூசியன்


பிரிஸ்டல், கனெக்டிகட்
17 ஜூன் 1974

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நீங்கள் இருவரும் சுகமென்று படித்து நிம்மதி. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, விசாரித்ததற்கு நன்றி.

என் துப்பாக்கியில் துளையா? ஓடிலோனை உன் மண்டையில் போடச் சொல். அப்பா நம் இருவரையும் வேலிக்கம்பத்தில் டப்பா வைத்துச் சுடச் சொன்ன அன்று யார் டப்பா விழுந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கார்பைன் வளையத்தோடு வந்தது, வளையத்தோடே இருக்கட்டும்.

நம் சீடார் சதுப்புக்குள் மான் எங்கே நிற்கிறது? கல்லெறி தூரத்தில். அதற்கு எதற்கு ஸ்கோப்? பனி கொட்டினால் கண்ணாடி மூடிக்கொள்ளும், மூச்சு பட்டால் ஆவி படியும். வளையம் என்றால் ஊதிவிட்டுச் சுடலாம். அதைவிட முக்கியம், வளையத்தில் இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்கலாம், சுற்றிலும் என்ன நடக்கிறது என்று தெரியும். ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் உலகத்தில் அந்த ஒரு வட்டம் மட்டும்தான்.

மணி மங்கினால் இதைச் செய். வளையத்துக்குள் சின்னத் துளை உள்ள ஒரு வில்லை திருகி இருக்கும், அதைக் கழற்றிவிடு. வளையம் அகலமாகும், வெளிச்சம் நிறைய வரும். மணியில் வெள்ளை பூசு. வளையத்தைப் பார்க்காதே, அதன் வழியாக மணியை மட்டும் பார்.

நான் முத்தம் அனுப்பியதாக இவெட்டிடம் சொல். உப்பு டப்பாவை மேல் தட்டில் வை.

அக்கா ஜெர்மேன்


வான் ப்யூரன்
14 ஜூலை 1974

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உருளைக்கிழங்குச் செடி பூத்துவிட்டது, நிலமெல்லாம் வெள்ளை.

நீ சொன்னபடி வில்லையைக் கழற்றினேன். இவெட்டின் நகப்பூச்சில் வெள்ளை இருந்தது, அதை மணியில் பூசினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து "எனக்கு?" என்று கையை நீட்டினாள். அவளுக்கும் பூசிவிட்டேன். அவள் விரல் நன்றாக இருக்கிறது, மணி இன்னும் சரியில்லை. ஒரு வேடிக்கை சொல்கிறேன். மணியை நேராகப் பார்த்தால் மணி இல்லை. கொஞ்சம் தள்ளி, கொட்டகைக் கதவைப் பார்த்தால், மணி ஓரத்தில் ஜம்மென்று நிற்கிறது. அப்பா நல்ல துப்பாக்கிதான் கொடுத்தார் உனக்கு!

ரெனோ பாங்கோரிலிருந்து வந்து போனான். அம்மாவைக் கன்னியாஸ்திரீகளின் முதியோர் இல்லத்தில் விடலாம் என்று மறுபடியும் ஆரம்பித்தான். கெட்ட பிள்ளை இல்லை அவன். "அப்பா, நீங்க வண்டி ஓட்டறவரைக்கும், நீங்க பார்த்துக்கிறவரைக்கும் நான் வாய் திறக்கமாட்டேன். முடியலைன்னு ஆன அன்னைக்கு நான் கேட்கமாட்டேன், கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றான். சரி என்றேன். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த இவெட், அன்றிலிருந்து படுக்கும்போது என் சட்டை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறாள்.

ஸ்கோப் விஷயத்தை இன்னொரு தடவை யோசி.

லூசியன்


பிரிஸ்டல்
1 ஆகஸ்ட் 1974

டேய் தம்பி,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். நீ எழுதியதை மூன்று தரம் படித்தேன். நேராகப் பார்த்தால் காணோம், தள்ளிப் பார்த்தால் இருக்கிறது என்றால் கோளாறு துப்பாக்கியில் இல்லையடா. கண்ணில் இருக்கிறது. ஆலையில் என்னோடு வேலை பார்த்த ஒருத்திக்கு இப்படித்தான் ஆரம்பித்தது.

இதைச் செய்து பார். சமையலறையில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவு நிலையைப் பார். கோடு நேராக இருக்கிறதா, நடுவில் வளைகிறதா? பிறகு அடுத்த கண். உள்ளதை உள்ளபடி எழுது. அப்புறம் டாக்டரிடம் போ.

உன் கடித வரிகள் இந்த முறை கோணலாக மலை ஏறுகின்றன. நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே.

அக்கா


வான் ப்யூரன்
22 செப்டம்பர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கிழங்கு தோண்டுகிற சமயம் உனக்குத் தெரியாததா? பள்ளிக்கூடங்களுக்கு அறுவடை லீவு விட்டாயிற்று. இங்கே இருவரும் நலமே. இவெட் பக்வீட் மாவைக் கரைத்து ப்ளோய் சுட்டாள், ஒன்றும் கருகவில்லை.

கதவைப் பார்த்தேன். கோணல்தான். அப்பா கட்டிய வீடு, வேறு எப்படி இருக்கும்?

சரி, கோபித்துக்கொள்ளாதே. டாக்டரிடம் போனேன். வலது கண்ணில் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது என்கிறார். ஓரம் தெரியும், நடு தெரியாது. கண்ணாடி போட்டாலும் சரியாகாது, மருந்தும் கிடையாது. இடது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. நான் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன், கோயிலுக்கும் கடைக்கும் மட்டும்.

இது உனக்கும் எனக்கும் மட்டும். ரெனோவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

நவம்பர் வேட்டை சீசனை நினைத்தால்தான் கவலை. ஒவ்வொரு வருஷமும் நம் வீட்டு மேப்பிள் மரத்தில் நான் அடித்த மான் தொங்கும். பூசைக்குப் போகிறவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தி, கொம்பு எத்தனை கிளை என்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். இந்த வருஷம் மரம் காலியாக இருந்தால் கோயில் வாசலிலேயே கேட்பார்கள், "லூசியன், என்னாச்சு உனக்கு?"ன்னு. சீசன் கடைசியில் ரெனோ இறைச்சி வெட்ட வருவான். அவன் மரத்தைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான்.

இடது தோளில் வைத்துச் சுடலாமா? ஸ்கோப் இருந்தால் இடது கண் போதும் அல்லவா? நீ சொல்.

லூசியன்


பிரிஸ்டல்
30 செப்டம்பர் 1974

அன்புத் தம்பிக்கு,

படித்துவிட்டு அழுதேன். மகள் என்னவென்று கேட்டாள், முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

ரெனோவிடம் நான் சொல்லமாட்டேன். இவெட் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள் என்று எழுதினாயே, அதற்கு மேல் என்னால் என்ன சொல்ல முடியும்?

துளை போடச் சொல். போல்ட் பிடியையும் வளைத்துக்கொள்ளட்டும். பெரிது பெரிதாகக் காட்டுகிற ஸ்கோப் வாங்காதே, காட்டுக்குள் மரப்பட்டை மட்டும்தான் தெரியும். சின்னதாக, கொஞ்சமாகப் பெரிதாக்குவது போதும். உள்ளே சிலுவைக் கோடு தடிமனாக இருக்கட்டும். வளையமும் மணியும் என்றால் அவை இரண்டும் மானும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும், ஸ்கோப்பில் சிலுவையும் மானும் ஒன்றாகத் தெரியும். ஒரு கண்ணுக்கு அதுதான் சுலபம், ஒத்துக்கொள்கிறேன். இடது தோளில் வைத்தால் போல்ட் எதிர்ப்பக்கம் இருக்கும், மேலே கையைக் கொண்டுபோய் இழுக்கவேண்டும். தினமும் காலித் துப்பாக்கியில் பழகு. கண்ணைக் கிட்டே வைக்காதே, உதைத்தால் புருவம் கிழியும்.

இவெட்டுக்கு ஆரஞ்சுச் சட்டை மாட்டாமல் நவம்பரில் வாசலுக்கு அனுப்பாதே. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அசைந்ததையெல்லாம் சுடுவார்கள்.

அக்கா ஜெர்மேன்


வான் ப்யூரன்
20 அக்டோபர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன் முழங்காலும் சுகமா? நாங்கள் சுகம்.

ஓடிலோன் வேலையை முடித்துக் கொடுத்தான். துளை போடும்போது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். இடது தோளில் பழகிவிட்டேன். கொட்டகையில் காகிதம் ஒட்டிச் சுட்டேன், எல்லாக் குண்டும் ஒரு சாஸர் அளவு வட்டத்துக்குள் விழுந்தது. ஓடிலோனே வாயைப் பிளந்தான். "இத்தனை வருஷம் தப்புத் தோள்லயா வெச்சிருந்தே?" என்றான்.

இவெட்டுக்கு ஆரஞ்சுச் சட்டை வாங்கினேன். முன்பக்கம் பொத்தான் இருந்தால் கழற்றிவிடுகிறாள், அதனால் முதுகுப் பக்கம் பொத்தான் வைத்துத் தைத்தேன். நாய்க்கும் ஒரு ஆரஞ்சுத் துணி, பசுவுக்கும் ஒன்று. மூன்று பேரும் முற்றத்தில் நின்றால் ஊர்வலம் மாதிரி இருக்கிறது. எனக்கும் அது வசதி. எங்கே ஆரஞ்சு தெரிகிறதோ அங்கே அவள் இருக்கிறாள்.

காலையில் இடது கண்ணில் கொஞ்சம் புகை மாதிரி வருகிறது. வெயில் ஏறினால் போய்விடும்.

நேற்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் இவெட் என்னிடம் "ஐயா, நேரமாச்சே, உங்க வீட்ல தேடமாட்டாங்களா?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். நான் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பின்வாசல் வழியாக வந்தேன். "வந்துட்டியா, சாப்பாடு ஆறிப்போச்சு" என்றாள். இரண்டாம் முறையும் சாப்பிட்டேன்.

லூசியன்


பிரிஸ்டல்
28 அக்டோபர் 1974

தம்பி,

புகை என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாயே! அது புகை இல்லை. உனக்கே தெரியும்.

இந்த வருஷம் காட்டுக்குப் போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன். ஓடிலோனுக்கு நான் எழுதுகிறேன். அவன் அடிக்கிற மானை உன் மரத்தில் தொங்கவிடட்டும், ரெனோவுக்கு என்ன தெரியப்போகிறது? பொய்யென்றால் பொய். ஏற்கெனவே சொன்ன பொய்களோடு இதுவும் சேரட்டும்.

சரி என்று ஒரு வரி எழுதிப் போடு. வேறொன்றும் எழுதவேண்டாம்.

அக்கா


பிரிஸ்டல்
15 நவம்பர் 1974

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. ஓடிலோனும் பதில் போடவில்லை. உன் டெலிபோனை எத்தனை தடவை சுற்றினாலும் யாரும் எடுப்பதில்லை, வயரைத்தான் பிடுங்கிவிட்டாயே. தபால்காரன் போகும்வரை ஜன்னலிலேயே நிற்கிறேன்.

உடம்புக்கு ஏதாவது என்றால் யாரையாவது விட்டு எழுதச் சொல். ரெனோவைக் கூப்பிடலாமா என்று கை போகிறது. வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று வைத்துவிடுகிறேன்.

ஜெர்மேன்


வான் ப்யூரன்
24 நவம்பர் 1974

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். இருவரும். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஓடிலோன் மான் தருகிறேன் என்று வந்தான். நான்தான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். எனக்கு ரோஷம். சாஸருக்குள் சுட்டவன் அல்லவா?

போன வாரம் ஒரு காலை, கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். விழுந்த ஆப்பிளைத் தின்ன மான் அங்கே வரும். துணிக்கொடிப் பக்கம் ஆரஞ்சு தெரிந்தது. இவெட் துணி உலர்த்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆப்பிள் மரத்தடியில் பழுப்பாக ஒன்று அசைந்தது. ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். பழுப்பு, அதன் நடுவில் புகை. குனிந்தது, நிமிர்ந்தது. சிலுவையை அதன் மேல் நிறுத்தினேன். மீண்டும் ஒருமுறை தலையைத் திருப்பித் துணிக்கொடியைப் பார்த்தேன். ஆரஞ்சு அங்கேயே இருந்தது. விசையை இழுத்தேன்.

சட்டை அழுக்காகிவிட்டதென்று அவள் கத்திரியால் பொத்தான்களை வெட்டி, துவைத்து, கொடியில் காயப்போட்டிருந்தாள். மரத்தடியில் பழுப்புக் கோட்டோடு ஆப்பிள் பொறுக்கிக்கொண்டிருந்தது அவள்தான்.

குண்டு அவள் தலைக்கு மேல் இருந்த கிளையில் பட்டது. அவள் முடியில் மரத்தூள் விழுந்திருந்தது, அதைத் தட்டிவிட்டேன். அவள் மேல் ஒரு கீறல் இல்லை.

அன்று சாயங்காலம் ஓடிலோன் வீட்டுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு நடந்துபோய் ரெனோவுக்குப் போன் செய்தேன். கண்ணைப் பற்றிச் சொன்னேன், சுட்டதைச் சொன்னேன். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. விடிவதற்குள் வந்துவிட்டான். இல்லத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. புதன்கிழமை கூட்டிக்கொண்டு போகிறோம். வண்டிச் சாவி ரெனோவிடம், உன் கார்பைன் ஓடிலோனிடம்.

லூசியன்


பிரிஸ்டல்
2 டிசம்பர் 1974

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலைந்து நாளாக எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். ஸ்கோப் போடச் சொன்னவள் நான். இடது தோளில் வை என்று சொல்லிக்கொடுத்தவள் நான். உன் கண்ணில் ஓரம் மட்டும்தான் மிச்சம் என்று தெரிந்தும், அந்த ஓரத்தையும் அடைக்கிற ஒரு கண்ணாடியை வாங்கிக்கொள் என்றேன். வளையம் இருந்திருந்தால் மரத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கும். அவள் நடை, அவள் பாவாடை, ஏதாவது ஒன்று தெரிந்திருக்கும். ரெனோவிடம் ஆகஸ்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். உன்மேல் உள்ள பாசத்தில் இவெட்டை மறந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். முழங்கால் என்ன ஆனாலும் சரி, பஸ்ஸில் வருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். சுட்டதை எழுதினாய், முடியில் தூசி தட்டியதை எழுதினாய், சாயங்காலம் போன் செய்ததை எழுதினாய். நடுவில் அவள் என்ன சொன்னாள் என்று நீ எழுதவில்லை. பயந்துவிட்டாளா? அழுதாளா?

அக்கா


வான் ப்யூரன்
11 டிசம்பர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ரெனோ படித்துக் காட்டினான். பதிலையும் நீங்கள் சொல்லுங்கள் நான் எழுதுகிறேன் என்றான். இதை நானே எழுதவேண்டும் என்று அவனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் மெதுவாகப் படித்துக்கொள்.

ஸ்கோப்பைக் குறை சொல்லாதே, உன்னையும் சொல்லாதே. வளையம் இருந்தாலும் சுட்டிருப்பேன். அது மானாக இருக்கவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

இவெட் இல்லத்தில் நன்றாகச் சாப்பிடுகிறாள். ஓடிலோன் தினமும் என்னை அங்கே கொண்டுபோய் விடுகிறான். என்னை ஐயா என்றுதான் கூப்பிடுகிறாள். இரவில் கம்பளி நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குகிறாள் என்று ஒரு கன்னியாஸ்திரீ சொன்னார். இங்கே எனக்குத் தூக்கம் வருவதில்லை. சட்டையை யாரும் இழுக்காமல் படுத்துப் பழக்கமில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். அவள் பயப்படவும் இல்லை, அழவும் இல்லை. நான் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு விழுந்து எழுந்து ஓடினேன். மடியில் ஆப்பிளோடு நின்றுகொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. கோபமாக விரலை ஆட்டினாள்.

"ஐயா, இந்தப் பக்கமெல்லாம் சுடாதீங்க" என்றாள். "என் வீட்டுக்காரர் இங்கதான் எங்கயாவது நடமாடிட்டு இருப்பாரு. பாவம், அவருக்குக் கண்ணு தெரியாது." பிறகு கிட்டே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா என்னை அவர்கிட்டேருந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க."

சொல்லமாட்டேன் என்றேன், அக்கா. என் அம்மாமேல் சத்தியம் செய்யச் சொன்னாள், செய்தேன். அவள் மடியிலிருந்து ஒரு நல்ல ஆப்பிளாகப் பார்த்து எனக்குக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே போய் ரெனோவிடம் சொல்லிவிட்டேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் தம்பி,
லூசியன்